பிக்கிள் கோப்பைச் சுருக்க ஜிசிப்பா, எல்இசட்எம்ஏவா?

பைதானில் பெரிய டிக்‌ஷனரி ஒன்றை பிக்கிள் செய்து, அதாவது பைட்டுகளாக மாற்றி, வட்டில் வைத்தால் கோப்பு வீங்கிவிடுகிறது. கோப்பைத் திறக்கும் சாதாரண ஓப்பனுக்குப் பதில், சுருக்கும் மாட்யூலான ஜிசிப்பின் ஓப்பனைப் போட்டால் போதும், மற்ற வரிகள் மாறாது. எல்இசட்எம்ஏ என்ற இன்னொரு சுருக்கும் மாட்யூலும் அப்படியே, பைதான் 3.3 முதல் கூடவே வருகிறது.

திரும்ப வரும் பைட்டுகளை ஜிசிப் கடைசி 32 கிலோபைட்டுக்குள்தான் தேடும். எல்இசட்எம்ஏ இயல்பு நிலையிலேயே 8 மெகாபைட் வரை பின்னால் போய்ப் பார்க்கும். ஒரே மாதிரியான ரெக்கார்டுகள் தள்ளித் தள்ளி வரும் கோப்பில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆனால் எழுதும்போது எல்இசட்எம்ஏ நேரமும் நினைவகமும் நிறையத் தின்னும். பிரித்துப் படிப்பதிலும் ஜிசிப்தான் வேகம்.

அடிக்கடி எழுதிப் படிக்கும் கேஷுக்கு (தற்காலிகச் சேமிப்புக்கு) நான் ஜிசிப்பையே வைப்பேன், எவ்வளவு சுருக்க வேண்டும் என்கிற லெவலை 9-இல் விடாமல் 5, 6-க்கு இறக்கி. ஒருமுறை எழுதி மாதக்கணக்கில் வைப்பதற்கு எல்இசட்எம்ஏ. அப்புறம், எதில் சுருக்கியிருந்தாலும் முன்பின் தெரியாதவர் தந்த பிக்கிளைத் திறக்காதீர்கள். லோட் செய்யும்போதே உள்ளே ஒளித்து வைத்த நிரல் ஓடிவிடக்கூடும்.