உச்சிப்புளி பக்கத்துக் குதிரைக் காப்பகம்: சவாரி கிடையாது, வேலை உண்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே சவாரி கிடையாது. பிள்ளையைக் குதிரைமேல் உட்காரவைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று ராமேஸ்வரம் போகிற வழியில் வண்டியைத் திருப்பினால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு காலைப்பொழுது லத்தி அள்ளி, தண்ணீர் சுமந்து, குளம்பு சுத்தம் பண்ணக் கற்றுக்கொள்ள மனசிருந்தால் ராமநாதபுரம் மாவட்டத்தில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நான் தையல்கடை வைத்திருப்பவள். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு என்பதால் பெரும்பாலான ஞாயிறு இங்கேதான் போகிறது.

காப்பகத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். பெயர் வெளியே பரவுகிறபோதெல்லாம் யாராவது ராத்திரியோடு ராத்திரியாக, நடக்கமுடியாத குதிரையைக் கொண்டுவந்து கேட்டில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்களாம். உண்மையிலேயே உதவ வருகிறவர்கள் உச்சிப்புளியில் இறங்கி ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்தால் போதும். கடல் பக்கம் போகிற மண் பாதையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

இங்கே இருக்கிற குதிரைகள் மூன்று வழியில் வந்தவை. கல்யாண ஊர்வலத்தில் ஆடவைத்தவை, கடற்கரையில் சவாரிக்கு நிறுத்திவைத்தவை, எல்கைப் பந்தயத்தில் வண்டி இழுத்துக் கால் போனவை. சம்பாதித்துக் கொடுத்தவரைக்கும் கொள்ளும் புல்லும் கிடைத்திருக்கும். அதற்குப் பிறகு ரோட்டில்தான். குப்பைமேட்டில் பாலித்தீன் பையோடு சேர்த்துத் தின்கிற குதிரையை நம் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பார்க்காதவர்கள் இருக்கமாட்டார்கள்.

புதிதாக ஒரு குதிரை வந்தால் மற்றவற்றோடு விடுவதில்லை. தனிக்கொட்டகையில் கட்டி, ரத்தம் எடுத்து, கிளாண்டர்ஸ் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். ஹரியானாவில் ஹிசார் நகரத்தில் இருக்கிற தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்தில் உறுதி செய்கிற நோய் அது. மனிதர்களுக்கும் தொற்றும். ரிசல்ட் வருகிறவரைக்கும் புதிய தன்னார்வலர்கள் யாரும் அந்தக் கொட்டகைப் பக்கம் போகக்கூடாது. இந்த விஷயத்தில் கறாராக இருக்கிறார்கள், எனக்கு அது பிடித்திருக்கிறது.

எலும்பும் தோலுமாக வருகிற குதிரைக்குச் சாப்பாடு போடுவதில்தான் இவர்களுடைய கெட்டிக்காரத்தனம் தெரியும். நாமாக இருந்தால் பாவம் பார்த்துப் பக்கெட் நிறையக் கொள்ளு வைத்துவிடுவோம். அதுவே அதைக் கொன்றுவிடும். பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று தானியம் இறங்கினால் ரத்தத்தில் பாஸ்பரஸும் மக்னீசியமும் சரிந்து இதயமே நின்றுபோகலாம். அதனால் முதல் சில நாட்களுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து, குதிரை மசால் என்கிற தீவனப் பயிரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள். பக்கத்துக் குப்பத்து ஆட்கள் முறைவைத்து ராத்திரி விழிக்கிறார்கள். உடம்பு தேறுகிறதா என்பதற்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண் உண்டு. விலா எலும்பு, முதுகு, வால் அடி, கழுத்து எல்லாவற்றையும் கையால் தடவிப் பார்த்துப் போடுகிற மதிப்பெண். 1983-இல் ஹென்னெக்கே என்ற ஆராய்ச்சியாளர் வகுத்த முறை, உலகத்தில் பல இடங்களில் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வாராவாரம் பலகையில் எழுதிப்போடுகிறார்கள். ஒன்றில் இருந்த குதிரை நான்குக்கு வந்த அன்றைக்கு அந்தப் பலகைக்கு முன்னால் எல்லாரும் கூடிவிட்டோம்.

கேட்டில் பெரிய எழுத்தில் இருக்கிற எச்சரிக்கை: "சோறு, பரோட்டா, பிஸ்கட் கொடுக்காதீர்கள்." கோயிலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் பிரசாதத்தைக் குதிரைக்குக் கொடுத்தால் புண்ணியம் என்று பொட்டலத்தோடு வந்து நிற்பார்கள். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிற்றுவலியில் உருண்டு புரண்டே செத்துப்போகும். இந்தக் கடற்கரைக்கு இது புதுக் கதையும் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அரபு நாட்டுக் குதிரைகளைக் கப்பலில் இறக்கியதையும், அவற்றில் பெரும்பாலானவை வருஷம் முடிவதற்குள் செத்துப்போனதையும் எழுதியிருக்கிறார். வேகவைத்த அரிசியோடு இறைச்சி கலந்து போட்டார்கள், பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை என்று காரணமும் சொல்லியிருக்கிறார். எழுநூறு வருஷம் கழித்து அதே கடற்கரையில் நாலு பேர் அதைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நம் ஊருக்கென்றே இருக்கிற இன்னொரு ஆபத்து மணல். தரையில் போட்ட புல்லைத் தின்னும்போது மணலும் உள்ளே போகிறது. அது குடலில் தங்கித் தங்கிக் கனத்துவிடும். அதைக் கண்டுபிடிக்க இங்கே ஒரு எளிய சோதனை செய்கிறார்கள். நீளமான பிளாஸ்டிக் கையுறையில் தரையில் படாத லத்தி ஐந்தாறு உருண்டையைப் போட்டு, தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, விரல்கள் கீழே பார்க்கிற மாதிரி ஆணியில் தொங்கவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் நார் மேலே மிதக்கும், மணல் விரல் நுனிகளில் இறங்கி உட்காரும். நான் பார்த்த ஒரு கையுறையில் ஐந்து விரலும் நுனியில் விறைத்துக்கொண்டு நின்றன. கிள்ளிப் பார்த்தால் நறநறவென்றது. அந்தக் குதிரைக்கு இசப்கோலைத் தவிட்டில் கலந்து கொடுத்து, அடுத்த வாரம் மறுபடி கையுறை கட்டிப் பார்த்தார்கள். தீவனமெல்லாம் சிமெண்டுத் தளத்தில், லாரி டயரை வெட்டிச் செய்த தொட்டியில்தான்.

புல்லைத் தொங்கவிடுகிற வலை, மீன்பிடி வலைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் பலர் இங்கே வேலைக்கு வருகிறார்கள், கூலி வாங்குவதில்லை. கிழிந்த வலையைச் சின்னக் கண்ணாக மறுபடி பின்னித் தருகிறார்கள். ஒரு பெரியவர் என்னிடம் வலைக்கண்ணில் விரலை விட்டுக் காட்டி, "ஏம்மா, இதுக்குள்ள குளம்பு போகுமான்னு பாரு. போச்சுன்னா கால் ஒடிஞ்சிரும்" என்றார். கட்டுகிற உயரமும் அப்படித்தான், முன்னங்கால் எட்டாத உயரம். குதிரையைக் கட்டும்போது இழுத்தால் உடனே அவிழ்கிற சுருக்குத்தான் போடவேண்டும் என்று பாடம் எடுப்பதும் அவர்தான். படகில் போடுகிற முடிச்சு இங்கேயும் கைகொடுக்கிறது.

இப்போது பயிற்சிக்கு வருகிறேன். தன்னார்வலர்களுக்குப் பயிற்சி, குதிரைகளுக்கும் பயிற்சி, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். ஏறி ஓட்டப் பழக்குவது இல்லை. டாக்டர் தொட விடவேண்டும், லாடக்காரரிடம் கால் கொடுக்கவேண்டும், கயிற்றைப் பிடித்தால் கூட நடக்கவேண்டும், வேனில் பதறாமல் ஏறவேண்டும், அவ்வளவுதான். அந்த நாலும் தெரியாத குதிரைக்கு வைத்தியம் பார்க்கவே முடியாது.

செவலை என்று கூப்பிடுகிற ஒரு பெட்டைக் குதிரை. ராஜஸ்தானத்து மார்வாரி இனக் குதிரை ரத்தம் கலந்தது என்று காதைப் பார்த்தாலே தெரியும், நுனி இரண்டும் உள்பக்கமாக வளைந்து கிட்டத்தட்ட ஒன்றையொன்று தொடும். கல்யாண மேளத்துக்கு ஆடவைத்த குதிரை. காதைத் தொட்டால் தலையைத் தூக்கி எம்பிவிடும். இதைப் பழக்கியது கீழக்கரையிலிருந்து வருகிற ஒரு கல்லூரிப் பெண். முன்னால் போய் நிற்கமாட்டாள், பின்னாலும் நிற்கமாட்டாள், ஏனென்றால் குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் பார்வை கிடையாது. இடது தோளுக்குப் பக்கத்தில் நின்று கழுத்தில் கையை வைப்பாள். அங்கிருந்து மேலே, கொஞ்சம் கொஞ்சமாக. செவலை விறைத்தால் கை அங்கேயே நிற்கும். மேலேயும் போகாது, எடுக்கவும் மாட்டாள். குதிரை தலையை ஒரு விரல்கடை இறக்கின அடுத்த நொடி கை போய்விடும்.

நான் பழகுகிறபோது அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அக்கா, அவ தலையைத் தூக்குறப்ப கையை எடுத்துராதீங்க. எடுத்தீங்கன்னா, தலையைத் தூக்குனாத்தான் கை போகும்னு அவ படிச்சுக்குவா. தலையை இறக்குறப்ப எடுங்க. அப்பத்தான் இறக்குறது நல்லதுன்னு புரியும்." அடி இல்லை, அதட்டல் இல்லை, வெல்லம்கூட இல்லை. கையை எடுப்பதுதான் குதிரைக்குக் கிடைக்கிற பரிசு. இப்போது செவலையின் காதுக்குள் மருந்து போட முடிகிறது. கொசுவலைத் துணியில் நான் தைத்துக் கொடுத்த ஈ மறைப்பை அவளாகவே மூக்கை நீட்டி மாட்டிக்கொள்கிறாள். ஈ மொய்த்துப் புண்ணாகியிருந்த கண்ணோரம் ஆறிவிட்டது.

லாடக்கார பாய் ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறார். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிற குளம்பைச் சீவுவதுதான் அவருக்கு முக்கிய வேலை. வேலையில்லாத குதிரைக்கு லாடம் எதற்கு என்று அடிக்கமாட்டார். தினமும் குளம்பைத் தோண்டிச் சுத்தம் பண்ணுகிற வேலை நமக்கு. நம் மாவட்டத்தில் இது விளையாட்டில்லை, எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேல முள். ஒரு முள் உள்ளே தங்கினால் சீழ் பிடித்து நாலு நாளில் கால் ஊன்றாது. ரணஜன்னிக்கு, அதாவது டெட்டனஸுக்கு, மற்ற கால்நடைகளைவிட குதிரை சீக்கிரம் பலியாகும் என்பதால் ஊசி தவறுவதில்லை. உங்களிடமும் டிடி ஊசி போட்டாயிற்றா என்று கேட்பார்கள்.

குறைகளையும் சொல்லவேண்டும். முதல் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கிற விளக்கம் போதாது. கால் மணி நேரத்தில் முடித்துக் கையில் கயிற்றைக் கொடுத்துவிடுகிறார்கள். 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு பிராணி பயந்தால் என்ன ஆகும் என்பதை உட்காரவைத்துச் சொல்லவேண்டும். தலைக்கவசம் எல்லாம் ஒரே அளவு, கொண்டை போட்டிருக்கிற பெண்களுக்குப் பொருந்தவே இல்லை. மருந்து அட்டவணை முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. ராத்திரி விழித்திருந்து மருந்து கொடுக்கிற குப்பத்துப் பெண்கள் அதைப் படிக்கமுடியாமல் போன் போட்டுக் கேட்கிறார்கள். இது நியாயமே இல்லை. தமிழில் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், பாதி அட்டவணை மாற்றியாகிவிட்டது.

நல்ல தண்ணீர் பெரிய கஷ்டம். நம் வெயிலுக்கு ஒரு குதிரை நாளைக்கு 30, 40 லிட்டர் குடிக்கும். கிணற்றுத் தண்ணீர் உப்பு, லாரித் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறார்கள். காலில் தசைநாண் வீங்கின குதிரைகளை அலையில்லாத பாக் விரிகுடாப் பக்கம் முழங்கால் தண்ணீரில் நடத்துகிறார்கள், வீக்கம் நன்றாக வடிகிறது. ஆனால் திரும்பி வந்ததும் உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசவேண்டும். லாரி வராத வாரம் அந்த நடையே நின்றுபோகிறது. மழைக்காலத்தில் கொட்டகைக்குள் தண்ணீர் தேங்கிக் குளம்பு அழுகுவதையும் பார்த்திருக்கிறேன். தளத்தை உயர்த்தியே ஆகவேண்டும்.

கணக்கு விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வரவு செலவை மாதாமாதம் தீவன அறைக் கதவில் ஒட்டுகிறார்கள், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இதைச் செய்யாத காப்பகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. தலைக்கவசமும் விளக்கமும் சரியானால் முழுசாகக் கொடுப்பேன்.

போகிறவர்கள் காலை ஆறரைக்கே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வெயிலில் குதிரையை வேலை வாங்குவதில்லை. விரல் மூடின ஷூ கட்டாயம், செருப்போடு போனால் தண்ணீர் இறைக்கிற வேலைதான். துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். பழைய காட்டன் சேலை, கனமான கொசுவலை, கிழிந்த வலை எதுவானாலும் வாங்கிக்கொள்வார்கள். வழியில் அடிபட்ட குதிரையைப் பார்த்தால் நேராகக் காப்பகத்துக்கு இழுத்துவராமல் முதலில் 1962-க்கு போன் பண்ணுங்கள், அரசாங்கத்தின் கால்நடை ஆம்புலன்ஸ் இருக்கிற இடத்துக்கே வரும். காப்பகத்துக்கு அதற்குப் பிறகு சொல்லலாம்.