பைபாஸ் பக்கம் புது ஏசி சபை, ஞாயிறு ஆராதனை எப்படி இருக்கு

பாளையங்கோட்டைக்கு வெளிய பழைய கல்யாண மண்டபத்த எடுத்து புதுசா சபை நடத்துதாவ, பேரு வேண்டாம். "நாங்களும் அங்க மாறலாமா"ன்னு சொந்தத்துல நிறைய பேரு கேக்காவ, அதுக்காகத்தான் எழுதுதேன்.

நல்லத முதல்ல சொல்லிருதேன். பார்க்கிங் தாராளமா இருக்கு, வாலண்டியர் பசங்க வாசல்லயே நின்னு வயசானவங்கள கைய பிடிச்சு கூட்டிட்டுப் போறாங்க, சவுண்டு அருமை, கடைசி வரிசையிலயும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா கேக்கு, கைப்பிள்ளைக்காரிகளுக்கு தனி ரூம் வேற. எங்க அம்மா முட்டு வலியோட போயும் சிரமப்படல. இதெல்லாம் நம்ம சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை) கோயில்கள்லயும் கட்டாயம் வரணும்.

ஆனா அங்க நடக்குற ஒவ்வொண்ணும் எங்கேருந்து வந்துருக்குன்னு பாருங்க. லைட்டு, ஸ்மோக்கு, பேண்டு எல்லாம் சிட்னி ஹில்சாங் பாணி, அது 1983ல ஆரம்பிச்ச சபை. வீட்டுக்கு வீடு செல் குரூப், அதாவது கொஞ்சப் பேரா வீட்டுல கூடுற ஜெபக் குழு, கொரியாவுல சியோல் யொய்டோ சபை வழி, 1958ல கூடாரத்துல தொடங்குனது, கொரியா யுத்தம் முடிஞ்சு கிராமத்துலேருந்து பிழைக்க வந்த ஜனம் பெரிய பட்டணத்துல ஆளு தெரியாம நின்னப்போ அந்த சின்ன குரூப்தான் அவங்களுக்கு சொந்தபந்தமா இருந்துச்சு. காணிக்கைய விதைன்னு சொல்லி விதைச்சா பெருகி வரும்னு பேசுறது அமெரிக்காக்காரர் ஓரல் ராபர்ட்ஸ் டிவில பரப்புனது, கடனும் முன்னேத்தமும் சேந்து ஓடுற தேசத்துல அந்தப் பேச்சு எடுபட்டதுல ஆச்சரியம் இல்ல. அந்தந்த ஊரு பொருளாதாரம் அந்தந்த சபைய செஞ்சிருக்கு.

நம்ம பக்கமும் அப்படித்தான். 1799ல சாத்தான்குளம் பக்கம் முதலூர்ல நிலம் வாங்கி ஊரே உண்டாக்குனாங்க, ஏன்னா கிறிஸ்தவ வேதத்துல சேந்தவங்கள சொந்த ஊர்ல இருக்க விடல, அதனால இங்க சபைன்னா தெரு, கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் சேந்தது. கோபுரம் மட்டும் இங்கிலீஷ்காரன் பாணி, மெஞ்ஞானபுரம் கோபுரம் 192 அடி. அதே சமயம் 1857லயே நம்மூர் உபதேசியார் சட்டாம்பிள்ளை வெள்ளைக்கார மிஷனரிமாரோட முறிச்சுக்கிட்டு பிரகாசபுரத்துல தனி சபை கண்டாரு, 1903ல நம்மாட்களே சொந்தக் காசுல இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சு தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்புனாங்க. சுதந்திரம் வந்த அடுத்த மாசமே, 1947 செப்டம்பர் 27ல, சிஎஸ்ஐ உண்டாச்சு. நாட்டுல அடிச்ச காத்து கோயிலுக்குள்ளயும் அடிச்சிருக்கு.

எனக்கு மனசு ஒப்பாத இடம் காணிக்கைதான். நம்ம கோயில்ல கைப்பிடி அரிசி எடுத்து வைக்கிற ஆச்சியும் உண்டு, ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வாழைத்தாரு, சேவலு, முருங்கைக்காய்னு வந்து ஏலம் போகும், இருக்கவன் இருக்கத குடுப்பான், இல்லாதவன் வெறுங்கையோட வந்தாலும் அசனத்துல, அதான் கோயில் விருந்துல, எல்லாருக்கும் ஒரே பந்தி, ஒரே கறிக்குழம்பு. கூலி வேலைக்குப் போறவரும் டாக்டரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து சாப்பிடுறத நான் சின்னதுலேருந்து பாத்துருக்கேன், ஜாதி பாக்குற நம்ம ஊர்ல அது சாதாரண காரியம் இல்ல பாத்துக்கிடுங்க. இந்த ஹால்ல மாச பங்காளர் திட்டம், அதுலயும் தொகைக்கு ஏத்த மாதிரி பிரிவு, பெரிய தொகைக்காரங்களுக்கு முன் வரிசை சீட்டும் தனி ஜெபமும். ஸ்கிரீன்ல க்யூஆர் கோடு. பீடிக்கட்டு சுத்தி பிழைக்கிற ஒரு அக்கா "நான் விதைக்காததனாலதான் எனக்கு கஷ்டமா"ன்னு எங்கிட்ட கேட்டா, எனக்கு நெஞ்சு பதறிப் போச்சு. இல்லக்கா, அப்படி இல்லவே இல்லன்னு சொன்னேன்.

வெளியூர்லேருந்து வேலைக்கு வந்து இங்க யாரையும் தெரியாதவங்களுக்கு செல் குரூப் நல்ல துணை, பாட்டு பிடிச்சவங்களும் போய்ப் பாக்கலாம். ஆனா பங்காளர் பார்ம்ல போன் நம்பர் எழுதுறதுக்கு முன்னால, வருஷக் கணக்க சபைக்கு முன்னால வாசிப்பீங்களா, கணக்குக்கு கமிட்டி இருக்கான்னு கேளுங்க. நான் கேட்டேன், "பாஸ்டர் பாத்துக்கிடுவாங்க"ன்னு மட்டும் சொன்னாங்க, அதனால எங்க வீட்டுலேருந்து நாங்க சேரல.