தம்பதியாகப் போய்த் தொழில் கற்றுக்கொடுத்தோம்: எங்களை அனுப்பிய அமைப்பு எப்படி?

கணவனும் மனைவியுமாக வெளிநாடு போய், வசதியில்லாத இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க ஆசைப்படுகிறீர்களா? அனுப்பி வைக்கும் அமைப்பிடம் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டு பேருக்கும் தனித்தனி வேலை உண்டா?

நாங்கள் பல இடங்களில் விசாரித்தோம். என் கணவர் எலக்ட்ரீஷியன். நான் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாடு பார்த்தவள். ஒருவருக்கு வகுப்பு தருகிறோம், துணைக்கு வருபவர் விரும்பினால் அலுவலகத்தில் உதவியாக இருக்கலாம் என்றுதான் பெரும்பாலும் பதில் வந்தது. துணைக்கு வருபவர் நான்தான் என்று அவர்களாகவே முடிவும் செய்திருந்தார்கள். கடைசியில் நாங்கள் தேர்ந்தெடுத்த அமைப்பு அப்படி இல்லை. அதற்காகவே ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைகளையும் எழுதப்போவதால் பெயரை விட்டுவிடுகிறேன். இதே மாதிரி அமைப்புகள் நிறைய இருக்கின்றன, அவற்றை எடைபோட இது உதவினால் போதும்.

இவர்கள் எங்கள் இரண்டு பேரையும் தனித்தனியாக நேர்காணல் செய்தார்கள். என்னிடம் பேசியவர் தையல் தெரிந்தவர். ஒரு கட்டு துணியில் தையல் விட்டுவிட்டு விழுந்திருந்தால் எங்கே முதலில் பார்ப்பீர்கள் என்று கேட்டார். ஊசி முனை மழுங்கியிருக்கிறதா, சரியாகப் பொருத்தியிருக்கிறதா, அப்புறம் நூல் இழுவிசை என்று நான் சொன்னதைக் குறித்துக்கொண்டார். வேலை தெரிந்தவர் கேட்கிற கேள்வி அது. பணி ஒப்பந்தமும் ஆளுக்கு ஒன்று. ஒருவருக்கு உடம்பு முடியாமல் ஊர் திரும்ப நேர்ந்தால் மற்றவர் இருக்கலாம், கூடவே கிளம்பலாம், எதற்கும் அபராதம் கிடையாது என்று எழுத்தில் இருந்தது. தம்பதிகள் இந்த வரியை ஒப்பந்தத்தில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

காகித வேலையில் அவர்கள் அனுப்பிய பட்டியல் தெளிவாக இருந்தது. காவல்துறை நற்சான்று, மருத்துவச் சான்று, மருத்துவக் காப்பீடு, கல்யாணச் சான்றிதழ். கல்யாணச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது நம் ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு வைக்கும் முத்திரை, வேண்டும் என்பதை முன்கூட்டியே சொன்னார்கள். 1961 ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்குள் அந்த ஒரு முத்திரை போதும், தூதரகத்தில் மறுபடி சான்றொப்பம் வாங்க வேண்டியதில்லை. சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள் என்று சொல்லும் அமைப்பு என்றால் தள்ளியே நில்லுங்கள். சம்பளம் வாங்காமல் கற்றுக்கொடுத்தாலும் பல நாடுகளின் குடிவரவுச் சட்டம் அதை வேலை என்றுதான் பார்க்கும்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். எங்களுக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு, ஒவ்வொருவருக்கும் ஒரு உள்ளூர்ப் பயிற்சியாளரை ஜோடி சேர்த்திருந்தது. வகுப்பை நடத்துவது அவர், பக்கத்தில் நிற்பது நாங்கள். நாங்கள் கிளம்பிய பிறகும் அந்த வகுப்பு நடக்கும்.

என் கணவர் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பயிற்சிப் பலகையில் ஒரு பையன் ஸ்விட்சை, கரண்ட் வரும் ஃபேஸ் கம்பியில் கொடுக்காமல், அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் கொடுத்திருந்தான். போட்டால் பல்பு எரிகிறது, நிறுத்தினால் அணைகிறது. அவனைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது. இவர் திட்டவில்லை. ஸ்விட்சை நிறுத்திவிட்டுப் பல்பைக் கழற்றச் சொன்னார். டெஸ்டரை ஹோல்டரின் இரண்டு பின்களிலும் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார். ஒரு பின்னில் டெஸ்டரின் விளக்கு எரிந்தது. ஸ்விட்ச் நின்றிருக்கிறது, ஆனால் ஹோல்டரில் கரண்ட் இருக்கிறது. பல்பு மாற்ற வருகிற ஆள் ஸ்விட்ச் நின்றிருக்கிறதே என்று நம்பித்தான் கையை வைப்பான். பையன் ஒரு வார்த்தை பேசாமல் கம்பியைக் கழற்றி ஃபேஸில் மாற்றினான். அதன் பிறகு பக்கத்துப் பலகைகளையும் அவனே போய்ச் சோதித்தான்.

இப்படிக் கரண்ட் இருக்கும் பலகையில் கற்றுக்கொடுக்கப் பாதுகாப்பு வேண்டும். 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் ஒவ்வொரு பலகைக்கும் முன்னால் இருந்தது. அதை வாங்கிப் போட்டது அமைப்புதான், அதற்காக அவர்களைக் கட்டாயம் பாராட்ட வேண்டும்.

என் வகுப்பில் வந்தவர்களுக்கு முதல் வாரமே முழு உடுப்பு தைத்துவிட வேண்டும் என்று ஆசை. தொழிற்சாலையில் வேலை கேட்டுப் போனால் முழுச் சட்டையைத் தைக்கச் சொல்ல மாட்டார்கள். ஒரு பாக்கெட்டையோ காலரையோ கையில் கொடுத்துவிட்டு மணி பார்ப்பார்கள். அதனால் நேர்த்தையல், ஒரே அளவு ஓரம், அங்குலத்துக்கு எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று ஊசி முனையால் எண்ணிப் பார்ப்பது, இதையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தேன். அலுப்பான வேலைதான். ஆனால் தன் துண்டைத் தானே நிராகரிக்கத் தெரிந்தவளுக்கு வேலைக்குப் பஞ்சம் இருக்காது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

தம்பதியாகப் போனதன் பலனை நேர்காணல் பயிற்சியில்தான் முழுதாகப் பார்த்தோம். இவர் முதலாளி இடத்தில் உட்காருவார், நான் மாணவர் பக்கம் உட்காருவேன். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதும் ஒரு பெண் தலையைக் குனிந்துவிட்டாள். படிப்பைப் பாதியில் விட்டவள், தன்னிடம் சொல்ல ஒன்றுமில்லை என்றே நினைத்திருந்தாள். வீட்டில் கெட்டுப்போன எதையாவது நீயாகச் சரி செய்திருக்கிறாயா என்று நான் கேட்டேன். அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. அறுந்த பை வாரை எப்படி இரட்டைத் தையல் போட்டு நிறுத்தினாள், அக்கம்பக்கத்தில் யார் யாருக்குத் தைத்துக் கொடுத்தாள், யார் காசு தராமல் ஏமாற்றினார்கள் என்று எல்லாம் வந்தது. அவளுடைய விண்ணப்பத்தின் முதல் வரி அதிலிருந்துதான் எழுதினோம்.

இனி அந்த ஒரு மதிப்பெண் எங்கே போனது என்று சொல்கிறேன். முதலாவது, மொழிபெயர்ப்பாளர். வேலை இரண்டு, ஒப்பந்தம் இரண்டு, மொழிபெயர்ப்பாளர் மட்டும் ஒருவர். அவர் என் கணவர் வகுப்பில் இருந்தால் நான் கையைக் காட்டித்தான் பேச வேண்டும். தையலில் ஓரளவு சமாளிக்கலாம், விரல் காட்டும். மின்சாரத்தில் முடியாது என்பதால் அவர் எப்போதும் அங்கேதான். நேரத்தை மாற்றி அமையுங்கள் என்று பலமுறை கேட்டோம், பார்க்கலாம் என்றார்கள், மாறவே இல்லை.

இரண்டாவது, பணம். எங்களிடம் வாங்கிய கட்டணத்தில் அறை, காப்பீடு, கருவிகள் எல்லாம் அடக்கம் என்றார்கள். எதற்கு எவ்வளவு என்ற கணக்கு கடைசி வரை வரவில்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய மனக்குறை. படித்து முடித்தவர்களில் யாருக்கு வேலை கிடைத்தது, ஆறு மாதம் கழித்து யார் அந்த வேலையில் நீடிக்கிறார் என்று இவர்கள் பதிவு வைப்பதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி 2023-ல் 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் படிப்பிலும் இல்லை, வேலையிலும் இல்லை, பயிற்சியிலும் இல்லை. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ஒருத்தியை வெளியே கொண்டுவரத்தான் இத்தனை பேர் இவ்வளவு தூரம் போகிறோம். வந்தாளா இல்லையா என்று தெரியாமல் சான்றிதழ் வழங்கும் விழாப் படத்தை மட்டும் அனுப்பினால் எப்படி?

தங்குமிடம் நன்றாகவே இருந்தது. பூட்டுள்ள தனி அறை, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

உங்களால் நீண்ட காலம் ஒதுக்க முடியுமென்றால் கட்டணம் வாங்கும் அமைப்புகளுக்கு முன்னால் வேறு சிலவற்றைப் பாருங்கள். வி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் அமைப்பை 1958-ல் தொடங்கியவர்களே ஒரு தம்பதி, அலெக் டிக்சனும் மோரா டிக்சனும். பள்ளி முடித்த இளைஞர்களை அனுப்பித் தொடங்கியது, பின்னால் தொழில் அனுபவம் உள்ளவர்களை அனுப்பும் அமைப்பாக மாறியது. ஐ.நா. பொதுச்சபை 1970-ல் உருவாக்கிய ஐ.நா. தன்னார்வலர் திட்டம் வாழ்க்கைச் செலவுக்குப் படி தருகிறது. 1961-ல் தொடங்கிய அமெரிக்காவின் பீஸ் கோர் தம்பதிகளைச் சேர்த்துக்கொள்கிறது, இருவருமே தகுதி பெற வேண்டும். ஆனால் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான், பணிக்காலமும் பயிற்சியோடு சேர்த்து வழக்கமாக இரண்டு ஆண்டுக்கு மேல். வேலையில் இருந்துகொண்டு குறுகிய விடுப்பில் போகிறவர்களுக்கு எங்களுடையது போன்ற அமைப்புதான் சரிவரும்.

இவர்களோடு மறுபடி போக எங்கள் இருவருக்கும் விருப்பம் இருக்கிறது. வகுப்புக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர், கட்டணக் கணக்கு, பழைய மாணவர்களின் வேலைப் பதிவு என்று மூன்றையும் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். முதல் இரண்டுக்கும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மூன்றாவதற்கு ஆள் இல்லை என்கிறார்கள். பெயர்ப் பட்டியலைக் கொடுங்கள், நாங்களே கூப்பிட்டுக் கேட்டு எழுதித் தருகிறோம் என்று பதில் போட்டிருக்கிறேன்.