மடக்குத் தச்சு மேசை, மூன்று வருடத்துக்கு அப்புறம்

போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க, என் மடக்கு மேசையின் இடது கால் மடங்கும் கீலைச் சரிசெய்வதிலேயே போனது. அன்று சாயங்காலமே நண்பன் ஒருவன் கூப்பிட்டான். "மச்சான், உன் மடக்கு மேசை அளவெல்லாம் அனுப்புடா, எங்க பால்கனிக்கும் ஒண்ணு அடிக்கணும்." கையில் இன்னும் கிரீஸ் காயவில்லை. அவனிடம் படபடவென்று சொன்னதை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

நான் இருப்பது சென்னையில், மூன்றாவது மாடி. பால்கனி ஒன்பதுக்கு நாலடி, அதிலும் பாதி துணிக்கொடிக்கு. மேல்பலகை 42 அங்குல நீளம், 16 அங்குல அகலம், 19 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டியது. கால்கள், இடித்த வீட்டிலிருந்து வந்த பழைய தேக்கு நிலைச்சட்டம். மொத்தம் 21 கிலோ. கால்கள் இரண்டு பக்கமும் உள்நோக்கி மடங்கும். மடக்கினால் ஆறு அங்குலம்தான், கதவுக்குப் பின்னால் நின்றுவிடும்.

பலகையைக் குறை சொல்லவே முடியாது. ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட் வாங்கினேன். மூன்று ஐப்பசி கார்த்திகை பார்த்துவிட்டது. சாரல் அடித்த நாளிலும் ஓரம் உப்பவில்லை.

அதைவிட சந்தோஷம் தந்தது ஒரு ஆப்பு. கட்டையை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் வாங்கக் காசில்லாமல் பலகையில் வரிசையாக 19 மி.மீ. துளை போட்டு, வேப்பமரத்தில் முளை சீவிச் செருகினேன். இழைக்க வேண்டிய கட்டையை ஒரு முளையில் முட்டக் கொடுத்து, மறுமுனைக்கும் அடுத்த முளைக்கும் நடுவில் சரிவான ஆப்பை வைத்துக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) இரண்டு தட்டு. கட்டை அசையாது. எடுக்க வேண்டுமா, எதிர்ப்பக்கம் ஒரு தட்டு. வைஸ் வேண்டும் என்று இன்றுவரை தோன்றவில்லை.

சரி, கீலுக்கு வருகிறேன்.

முதல் மாதமே, மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் இழைப்புளியைத் தள்ளத் தள்ள மேசை நடக்க ஆரம்பித்தது. வழவழப்பான டைல்ஸ், எடையோ 21 கிலோ. நாலு தள்ளுக்கு ஒருமுறை சுவரில் போய் இடிக்கும். இழுத்து வைத்துவிட்டு மறுபடி தள்ள வேண்டும். பழைய டயர் டியூபை வெட்டிக் கால்களுக்கு அடியில் ஒட்டினேன். நடை நின்றது. கொட்டாப்புளிச் சத்தமும் கீழ்வீட்டுக்குக் குறைந்தது. ஆனால் நான் கொடுக்கும் விசை எங்காவது போயாக வேண்டுமே? கால் நகராததால் அது நேராகக் கீலில் இறங்கியது. கால் மடங்குவதும் நீளவாக்கில், இழைப்புளி தள்ளுவதும் நீளவாக்கில். ஒவ்வொரு தள்ளும் மேசையை மடக்கப் பார்க்கிறது. கீல் ஆணியில் அரை நூல் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) ஆட்டம் இருந்தாலே முப்பது அங்குலக் கால் அதைப் பல மடங்காக்கிக் காட்டும்.

குறுக்குச் சட்டங்கள் மேல் ஒரு பலகை போட்டு 20 லிட்டர் தண்ணீர் கேனை ஏற்றிப் பார்த்தேன். எடை கூடியது, ஆட்டம் போகவில்லை. ஒர்க்மேட்டைப் பார்த்திருப்பீர்கள், லோட்டஸ் எலான் காரை வடிவமைத்த ரான் ஹிக்மன் உருவாக்கிய மடக்கு மேசை. நாற்காலியில் வைத்து மரம் அறுக்கும்போது நாற்காலியையும் சேர்த்து அறுத்துவிட்டாராம், அதிலிருந்து பிறந்த யோசனை. அதில் கீழே ஒரு படி இருக்கும், காலை வைத்து அழுத்திக்கொள்ளலாம். நானும் குறுக்குச் சட்டத்தில் ஒரு காலை வைத்து இழைத்தேன். பத்து நிமிடத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்த்தபோது நாலு திருகில் மூன்று கையால் சுற்றினாலே வந்தன. துளைக்குள் மரம் மாவாகியிருந்தது. போன வருடம் தீக்குச்சியைப் பசையில் தோய்த்து அடைத்த துளைகள் அவை. குச்சிகள் முழுசாகத் திருகோடு வெளியே வந்தன. இந்த முறை புதுக் கீல் போட்டு, சட்டத்தை முழுக்கத் துளைத்து நட்டு போல்ட்டும் வாஷரும் போட்டு முறுக்கினேன். திருகு இனிமேல் பிடுங்காது. கீல் ஆணியின் ஆட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது, அது கீலின் பிறவிக் குணம்.

அறுப்பதற்கு, உளி வேலைக்கு, பெட்டி கூட்டுவதற்கு இந்த மேசை போதும். மூன்று வருடத்தில் புத்தக அலமாரி, இரண்டு மணை, ஒரு அஞ்சறைப்பெட்டி எல்லாம் இதில்தான் பிறந்தன. அதை நினைத்தால் நல்ல மேசைதான். ஆனாலும் நண்பனிடம் சொன்னேன், "கீல் வெச்சு அடிக்காதடா, அளவு அனுப்ப மாட்டேன்." இழைக்காமல் தச்சு வேலை என்ன இருக்கிறது? இழைக்கும்போது நம்ப முடியாத மேசையை இன்னொருத்தன் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

கீலே இல்லாமல் கழற்றி மாட்டும் மொரேவியன் தச்சு மேசை என்று ஒன்று உண்டு. கால்கள் விரிந்து நிற்கும். நீளச் சட்டத்தின் முனை காலைத் துளைத்து வெளியே வரும், அதில் ஆப்பு அடித்து இறுக்குவார்கள். தளர்ந்தால் ஒரு தட்டு, மறுபடி இறுகிவிடும். ஆப்பைத் தட்டி எடுத்தால் துண்டு துண்டாகக் கழன்றும் வரும். கூட்ட இரண்டு மூன்று நிமிடம் ஆகும், ஆகட்டும். மேலே பலகையில் மூன்று வருடமாக ஆப்பை நம்பிய நான், கீழே ஏன் கீலை நம்பினேன் என்றுதான் ஆறவில்லை. பழைய மரக்கடையில் ஐந்தடிச் சட்டம் இரண்டு சொல்லி வைத்திருக்கிறேன். மேல்பலகை இதேதான், அதை மாற்ற மாட்டேன்.