நிலநடுக்கப் பொறியியல்: ஜப்பானா, கலிபோர்னியாவா, நியூசிலாந்தா?

வட சென்னையில் சிவில் முடித்துவிட்டு இந்தத் துறையில் வெளிநாடு போக நினைக்கும் பிள்ளைகள் முதலில் கேட்பது, எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்றுதான். என்னைக் கேட்டால், எந்த நாட்டில் உரிமம் கிடைத்து உங்கள் கையெழுத்து கட்டட வரைபடத்தில் செல்லும் என்பதை முதலில் பாருங்கள்.

படிப்புக்கு ஜப்பானை மிஞ்ச ஆளில்லை. மிக்கி நகரின் ஈ-டிஃபென்ஸ் அதிர்வு மேடை 20 மீட்டருக்கு 15 மீட்டர். 1,200 டன் வரையுள்ள முழுக் கட்டடத்தையே அதில் ஏற்றி உலுக்கிப் பார்க்கிறார்கள். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை கிடைத்தால் கட்டணம், விமான டிக்கெட், மாதச் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அடமானம் வைக்க வீடில்லாத தண்டையார்பேட்டைக் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! முதுநிலையை ஆங்கிலத்திலேயே முடிக்கலாம். ஆனால் கட்டட வடிவமைப்பு உரிமத் தேர்வு ஜப்பானிய மொழியில். மொழியில் உழைக்கத் தயாரில்லாதவர்கள் படித்துவிட்டு அங்கே வேரூன்றுவது கடினம்.

கலிபோர்னியாவில் சம்பளம் உண்டு, கடனும் உண்டு. உரிமத்துக்கு எஃப்.இ. என்ற அடிப்படைத் தேர்வு, வேலை அனுபவம், பி.இ. (P.E.) என்ற தொழில்முறைத் தேர்வு ஆகியவற்றோடு நிலநடுக்கம், நில அளவை என்று மாநிலத்தின் தனித் தேர்வுகள் இரண்டு. இதற்குமேல் வேலை விசாவுக்கான குலுக்கல். உதவித்தொகை இல்லாமல் போகாதீர்கள்.

நியூசிலாந்தில் 2011 பிப்ரவரி 22 அன்று கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் 185 பேர் இறந்தார்கள். அதில் 115 பேர் சி.டி.வி. என்ற ஒரே கட்டடத்தில். அதன்பிறகு பழைய கட்டடங்களைச் சோதித்து வலுப்படுத்துவது அங்கே பெரிய வேலையாகிவிட்டது. வேலை மொழி ஆங்கிலம். முனைவர் பட்டத்துக்கு வெளிநாட்டு மாணவருக்கும் உள்ளூர்க் கட்டணம்தான். சந்தை சிறியது, அதையும் சொல்ல வேண்டும்.

என் தேர்வு: கேட் (GATE) தேர்வு எழுதி ரூர்க்கி ஐஐடியில் எம்.டெக்., அப்புறம் நியூசிலாந்தில் முனைவர் பட்டம். உதவித்தொகையிலேயே பெரும்பகுதி ஓடிவிடும்.

அதற்குமுன் நம் தெருவில் எழும் அடுக்குமாடியைப் போய்ப் பாருங்கள். 2002 இந்திய நிலநடுக்க விதிப்படி சென்னை மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலம். கீழே பார்க்கிங் விட்ட கட்டடத்தின் தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் முனை 135 டிகிரி மடிந்து உள்ளே போகிறதா? 90 டிகிரியில் விட்டால், வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் விரிந்து தூண் பிதுங்கும். இதைப் புரிந்துகொண்டவர்களுக்குத் துறையின் பாதி வாசல் திறந்துவிட்டது.

இன்னொன்று. பொறியியல் படிப்புகளை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014 முதல் இருக்கிறது. ஆனால் தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) டயர்-1 அங்கீகாரம் பெற்ற படிப்புக்குத்தான் அது செல்லும். உங்கள் பேட்ச்சுக்கு எந்த டயர் என்று கல்லூரி அலுவலகத்தில் இப்போதே கேட்டுவிடுங்கள்.