முள் கடிகாரமா, எண் கடிகாரமா?

பிள்ளைக்கு மணி பார்க்கப் பழக்க எண் கடிகாரம்தான் சுலபம் என்று நம்பிய ஆள்தான் நானும். ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் என் மகள் "ஏழு ஐம்பத்தெட்டு" என்று தடுமாறாமல் படித்தாள். வேன் வருவது எட்டு மணிக்கு. "இன்னும் ஏழு மணிதானேப்பா ஆகுது" என்று ஷூவைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்! அவளுக்குத் தெரிந்தது எண்தான், நேரம் இல்லை.

அப்புறம் இந்த 60 விவகாரம். பள்ளியில் கணக்கு முழுக்கப் பத்து, நூறு என்று போக, இங்கே மட்டும் 59-க்கு அடுத்து 00 வந்தால் பிள்ளை என்ன செய்யும்? 1:50-க்கு மேல் 20 நிமிஷம் என்றால் 1:70 என்றாள். முள் கடிகாரத்தில் நீள முள் 10-இல் இருந்து நாலு எண் தாண்டி, 12-ஐச் சுற்றிக்கொண்டு 2-இல் நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். வேன் வர இன்னும் எவ்வளவு நேரம் என்றால் அந்த இடைவெளியை விரலால் காட்டிவிடலாம்.

ஆனால் முள் கடிகாரமும் லேசுப்பட்டது இல்லை. அதே 4-ஐக் குட்டை முள் காட்டினால் நாலு, நீள முள் காட்டினால் இருபது. ஐந்தாம் வாய்ப்பாடு வராத பிள்ளைக்கு இது அநியாயம். நாங்கள் ஒரு பழைய கடிகாரத்தில் நீள முள்ளைக் கழற்றிவிட்டு, குட்டை முள்ளை மட்டும் கொஞ்ச நாள் ஓடவிட்டோம். "நாலு தாண்டிருச்சு", "அஞ்சு ஆகப் போகுது" என்று தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். கடையில் விற்கும் அட்டைக் கடிகாரத்தை மட்டும் வாங்காதீர்கள், அதில் இரண்டு முள்ளும் தனித்தனியாகத் திரும்பும், மூன்றரைக்குக் குட்டை முள் 3-இலேயே நின்றிருக்கும், நிஜத்தில் அது 3-க்கும் 4-க்கும் நடுவில் அல்லவா இருக்க வேண்டும்?

எந்தக் கடிகாரமாக இருந்தாலும் தமிழில் சொல்லிக்கொடுங்கள். 3:45 ஆங்கிலத்தில் 'குவார்ட்டர் டு ஃபோர்', திரையில் 3 தெரிய வாய் நாலு என்கிறது. நமக்கு அது மூணே முக்கால். எண் கடிகாரத்திலும் 3, குட்டை முள்ளும் இன்னும் 4-ஐத் தொடவில்லை, நீள முள் மூன்று வட்டமும் இன்னொன்றில் முக்காலும் முடித்திருக்கிறது, குழப்பமே இல்லை.

இப்போது ஹாலில் முள் கடிகாரம். எண் கடிகாரம் படுக்கையறைக்குப் போய்விட்டது, ராத்திரி இருட்டில் கண்ணாடி போடாமல் நான் மணி பார்க்க.