வால்வுக்கும் அடுப்புக்கும் நடுவில்: மட்டக்களப்பில் காஸ் சிலிண்டர்

மட்டக்களப்பில் காஸ் வாங்குவது இப்போது பெரிய வேலையே இல்லை. 2022இல் வெறும் சிலிண்டரோடு சனம் வரிசையில் காத்துக்கிடந்த காலம் போய்விட்டது. கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று கல்முனை வீதி நெடுகப் பலசரக்குக் கடை வாசல்களில் கம்பிக் கூண்டுக்குள் சிலிண்டர் அடுக்கியிருக்கிறது. தெரிந்த கடையென்றால் ஒரு போனில் ஓட்டோவில் வீட்டுக்கே வரும். ஆனால் அந்தச் சேவை சிலிண்டரைக் குசினியில் இறக்குவதோடு முடிகிறது. வால்வுக்கும் அடுப்புக்கும் நடுவிலுள்ள ஒன்றரை மீற்றர் வீட்டுக்காரர் பாடு. வெளிநாட்டிலிருந்து வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறவர்கள் கோட்டைவிடுவது அந்த ஒன்றரை மீற்றரில்தான்.

முதலில் அளவு. இங்கே காஸ் விற்கும் கம்பனிகளில் லிட்ரோவில் 12.5, 5, 2.3 கிலோ; லாஃப்ஸில் 12.5, 5, 2 கிலோ. ஒரு கிலோ காஸில் ஏறக்குறைய 12.8 கிலோவாற் மணி வெப்பம் இருக்கிறது. அடுப்பின் பெரிய பேணர் (சுவாலை வரும் வாய்) முழுச் சுவாலையில் 3 கிலோவாற் என்று வைத்தால் மணிக்கு 230 கிராம் போகும். நாலு பேர் வீட்டில் மூன்று வேளைச் சமையலுக்கும் தேநீருக்கும் நாளொன்றுக்கு 300 கிராம் என்று கணக்குப் போடலாம்: 12.5 கிலோ ஆறு கிழமை, 5 கிலோ பதினாறு நாள், 2.3 கிலோ ஒரு கிழமை. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் என்று வந்து வீட்டில் பத்துப் பேர் கூடினால் இந்தக் கணக்கு பாதியாகும். ஒரு மாதத்துக்கு வருகிற குடும்பத்துக்கு 12.5 கிலோவே சரி. 2.3 கிலோ தேநீர் போட நல்லது, சோறாக்க வாங்கினால் அலைச்சல்தான்.

வெறும் சிலிண்டர் இல்லாமல் போனால் காஸின் விலையோடு சிலிண்டரின் விலையும் சேரும். வருசத்தில் ஒரு மாதத்துக்காக அந்தக் காசைப் போடுவதைவிட மாமி வீட்டு மூலையில் சும்மா கிடக்கும் வெறும் சிலிண்டரை இரவல் கேட்பது புத்தி. எந்தக் கம்பனியுடையது என்பதைக் கேட்டு வாங்குங்கள். மாற்றுவதும் அதே கம்பனியில்தான். விலை அடிக்கடி மாறும், கொழும்பு விலையும் மட்டக்களப்பு விலையும் ஒன்றல்ல. அந்த மாத மாவட்ட விலையைப் பார்த்துவிட்டுப் போங்கள், பில் கேளுங்கள். கூட்டி விற்றால் பாவனையாளர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம். வீட்டுக்குக் கொண்டுவரும் கூலி வேறு, அதை முதலே பேசிவிடுவது நல்லது.

கடையில் நிறுத்துக் காட்டுவது அரிது, கேட்டால்தான் தராசு வெளியே வரும். சிலிண்டரில் வெற்று நிறை பொறித்திருக்கும். 13.4 என்றிருந்தால் 12.5 கிலோ சிலிண்டர் 25.9 கிலோ காட்ட வேண்டும். சூட்கேஸ் நிறுக்கக் கொண்டுவந்த கைத்தராசு 50 கிலோ வரை தாங்கும் என்றால் அதுவே போதும். சிலிண்டரின் கைபிடியில் கொளுவித் தூக்கிப் பாருங்கள். பாவித்துக்கொண்டிருக்கும் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று அறிய ஈரத் துணியால் மேலிருந்து கீழே ஒரு பக்கம் துடைத்தால் போதும். திரவம் உள்ள பகுதி கடைசியாகக் காயும்.

இனி றெகுலேற்றர், அதாவது வால்வில் பூட்டி அமுக்கத்தைக் குறைத்துக் காஸைக் குழாய்க்கு விடும் பூட்டு. ஒரு கம்பனியின் வால்வுக்கு மற்றதன் றெகுலேற்றர் சரிவரும் என்று நம்பி வாங்க வேண்டாம். சிலிண்டரில் போட்டு, 'டக்' என்று இறுகுகிறதா, ஆட்டினால் அசைகிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள். லண்டனிலோ டொரன்டோவிலோ வாங்கிய பாபகியூ றெகுலேற்றரைக் கொண்டுவருவது வீண் சுமை. அங்கே அதோடு பாவிக்கும் காஸ் அநேகமாகத் தனிப் புரொப்பேன். இங்கே வீட்டுச் சிலிண்டரில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். புரொப்பேன் மைனஸ் 42 பாகையில் கொதிப்பது, பியூட்டேன் ஏறக்குறைய பூச்சியத்தில். ஆகவே நம்மூர் வெயிலில் புரொப்பேன் பங்கு கூடக் கூட சிலிண்டருக்குள் அமுக்கமும் கூடும். 2021 கடைசியில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்தபோது இந்தக் கலவைதான் பெரிய வாதமானது. கலவை எதுவானாலும், கூடிய அமுக்கம் முதலில் கண்டுபிடிப்பது வெடித்த றப்பரையும் தளர்ந்த கிளிப்பையும்தான்.

கப்பலில் அனுப்பிய அடுப்பு என்றால் இன்னும் கவனம். அங்கே குழாயில் வரும் இயற்கை வாயுவுக்கான ஜெற்றின் (பேணருக்குள் காஸை விடும் சின்ன மூக்கு) துளை பெரிது. அதில் சிலிண்டர் காஸை விட்டால் மஞ்சள் சுவாலை முழ உயரம் எழும்பும், சட்டியடி கரியாகும். அடுப்போடு வந்த பையில் அநேகமாக எல்பிஜி (சிலிண்டர் காஸ்) ஜெற் இருக்கும், அதை மாற்றாமல் கொளுத்தக் கூடாது.

இனிப் பூட்டிக் கிடந்த வீடு. எலி, அணில் கடித்த குழாய், உப்புக் காற்றில் துருவேறிய கிளிப், பேணர்க் குழலுக்குள் குளவிக் கூடு: மூன்றும் கல்லடி, பாசிக்குடாக் கரையோர வீடுகளில் சாதாரணம். குளவிக் கூடு காற்றை மறிப்பதால் மஞ்சளாக எரியும். சில வேளை காஸ் பின்னாலே கசிந்து குமிழ்ப் பக்கம் பற்றும். பேணரைக் கழற்றிக் குழலைப் பிரஷ்ஷால் தட்டித் துடையுங்கள். ஜெற்றுக்குள் ஊசி விட்டுக் குடைந்தால் துளை பெருக்கும், பிறகு சுவாலை ஒருநாளும் அடங்காது. குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் ஒட்டுப் போடுகிற கதையே வேண்டாம். எங்கள் கணக்கில் இரண்டு வருசம் தாண்டிய குழாய் பழசுதான். காஸுக்கென்றே உள்ள நூல் பின்னிய குழாய், ஒன்றரை மீற்றருக்கு மேல் வேண்டாம், இரண்டு முனையிலும் புதுக் கிளிப். ஹாட்வெயாரில் மலிவாகத் தரும் தண்ணீர்க் குழாய் இதற்கு ஆகாது.

கொளுத்துமுன் சவர்க்காரத் தண்ணீர். ஒரு கோப்பைத் தண்ணீருக்கு ஒரு கரண்டி பாத்திரம் கழுவும் சோப். அடுப்புக் குமிழ்களை மூடி, றெகுலேற்றரைத் திறந்து, வால்வின் கழுத்து, றெகுலேற்றர், குழாயின் இரண்டு முனை என்று பூசி ஒரு நிமிசம் பாருங்கள். குமிழி கழுத்தில் வந்தால் அநேகமாக வால்வுக்குள் இருக்கும் றப்பர் வளையம் போயிருக்கும். நீங்கள் திருத்தாதீர்கள், கொண்டுவந்த தம்பி புறப்படுமுன் சிலிண்டரையே மாற்றச் சொல்லுங்கள். பிறகு கூப்பிட்டால் 'நாளைக்கு வாறன்' என்பதுதான் பதில். நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது, அதைக் கண்டால் தடுத்துவிடுங்கள்.

பழைய வீடுகளின் புறம்பான குசினியில் கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்று போகும். இப்போது வெளிநாட்டுக் காசில் கட்டும் குசினியில் அலுமினிய ஜன்னலை இறுக்கி அடைத்து, சிலிண்டரையும் அலுமாரிக்குள் ஒளிக்கிறார்கள். காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் நிலத்தோடு தேங்கும். மேலே ஜன்னல் இருந்து பயனில்லை. அலுமாரியின் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை வேண்டும். மணம் வந்தால் சுவிச்சைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். றெகுலேற்றரை மூடி, கதவுகளைத் திறந்து, சிலிண்டரை முற்றத்துக்கு எடுங்கள், கிணற்றடிக்கும் கானுக்கும் தள்ளி.

கார்த்திகை, மார்கழி மழையில் வருகிறவர்களுக்கு ஒன்று: நிறைந்த 12.5 கிலோ சிலிண்டர்கூட வெள்ளத்தில் மிதக்கும். மிதந்தால் குழாயைப் பிடுங்கும். தண்ணீர் படியேறுமுன் றெகுலேற்றரைக் கழற்றி, மூடியைப் போட்டு, சிலிண்டரை நிமிர்த்தி ஜன்னல் கம்பியோடு கட்டிவிடுங்கள்.

திரும்பிப் போகும் நாளிலும் வேலை இதேதான். குழாயைக் கழற்றிச் சுருட்டிப் பேணிக்குள் போட்டு மூடினால் எலிக்கு எட்டாது. பேணர் வாய்களைத் துணியால் கட்டிவிட்டால் குளவிக்கும் இடமில்லை. மிச்சக் காஸோடு சிலிண்டரை அடுத்த வீட்டு அக்காவிடம் கொடுத்து, வெறுஞ்சிலிண்டரை மட்டும் உங்கள் பேரில் வைக்கச் சொல்லுங்கள்.